'கீழ்ப்பாக்கம்' போகணுமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து மனநல சிகிச்சைக்கு என்னென்ன வழிகள்?

"உன்னையெல்லாம் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்." சென்னையிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வளர்ந்தவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சினிமா காமெடியில் வரும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். வீட்டில் திட்டு விழும்போதும் வரும். ஒரு ஊர்ப் பெயரே வசவாகிப் போனதன் விலையை, உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள்தான் கொடுக்கிறார்கள். சிப்காட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு வாரமாகத் தூங்காமல், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி 'எந்த டாக்டரிடம் போகலாம்' என்பதாக இருப்பதில்லை. "அய்யோ, அங்கேயா?" என்பதாகத்தான் இருக்கிறது.

அந்த 'அங்கே' என்பது சென்னை கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் உள்ள அரசு மனநல மருத்துவமனை. அலுவல்பூர்வப் பெயர் மனநலக் காப்பகம். தமிழகத்தில் அரசு நடத்தும் ஒரே தனி மனநல மருத்துவமனை இதுதான். சென்னையோடு, அதை ஒட்டியுள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளுக்கும் கடைசி நம்பிக்கை இதுவே. ஆனால் கடைசி நம்பிக்கையே முதல் வாசலாகவும் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இடையில் என்னென்ன வாசல்கள் இருக்கின்றன, சட்டம் என்ன சொல்கிறது, சம்பளம் போகாமல் சிகிச்சை எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.

இரண்டு பக்கமும் தூரம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 45 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக் கீழ்ப்பாக்கம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஓபி காலையில்தான் என்பதால், விடியற்காலையில் கிளம்பினால்தான் சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்க முடியும். அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. துணைக்கு வருகிறவருக்கும் அதே கதை. ஆக, ஒரு தடவை போய் வந்தால் குடும்பத்தில் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போச்சு. மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க வேண்டும் என்றால், மூன்றாவது மாதம் "இப்பதான் நல்லாயிருக்காரே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நின்றுவிடுகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்துவதுதான் நோய் திரும்ப வருவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று.

சரி, மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போகலாமா? அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி வடக்கு ரயில் பாதையில் இருக்கிறது, திருவள்ளூர் மேற்குப் பாதையில் இருக்கிறது. ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை, அதாவது சென்னைக்குள் வந்து, வண்டி மாறித் திரும்பப் போக வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழி. ஒரே மாவட்டம்தான், ஆனால் சொந்த மாவட்டத் தலைநகரைவிட சென்னைதான் சுலபம்.

இதனால்தான் தாலுகா அளவிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதன் கீழ் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் இத்திட்டம் இருக்கிறது. மாவட்டக் குழுவைச் சேர்ந்த மனநல மருத்துவர், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்து பார்ப்பதுதான் அதன் அடிப்படை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைகளுக்கு எந்தக் கிழமையில் மனநல மருத்துவர் வருகிறார் என்று அங்கேயே ஓபி கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்வது, கீழ்ப்பாக்கத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், தூக்கமின்மை, ஏற்கெனவே கட்டுப்பாட்டில் உள்ள மனச்சிதைவு போன்றவற்றுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

அதோடு இந்தத் திட்டத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மொத்த இந்தியாவிலும் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, சுமார் 0.75 என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பின்னர் அம்பத்தூர், திருவொற்றியூர் போன்ற பகுதிகள் சென்னையோடு சேர்ந்துவிட்டன என்றாலும், ஒரு மாவட்டக் குழு சமாளிக்கும் அளவல்ல இது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்று சொன்னது.

16 பேரோடு தொடங்கிய வீடு

கீழ்ப்பாக்கத்தின் கதை 1794-ல், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்குகிறது. வேலன்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் புரசைவாக்கம் பகுதியில் சுமார் 16 பேருக்கான ஒரு வீட்டைக் கட்டினார். அதைக் கம்பெனிக்கே வாடகைக்கும் விட்டார். மருத்துவ வாரியத்தின் செயலாளராக இருந்துகொண்டு, இப்படி ஒரு இடம் தேவை என்று பரிந்துரை செய்தவரும் அவரேதான்! இன்றைக்கு அதற்கு வேறு பெயர் சொல்வோம்.

1871-ல் 'லோக்காக்ஸ் கார்டன்' என்ற தோட்டத்துக்கு, அதாவது இப்போதுள்ள இடத்துக்கு, 145 நோயாளிகளோடு இடம் மாறியது. 1922 வரை 'அசைலம்' என்றுதான் பெயர். பிறகு அரசு மனநல மருத்துவமனை ஆனது. 1978-ல் இப்போதைய பெயர் வந்தது. அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் 1,800. இதை நிம்ஹான்ஸ் பாணியில் நரம்பியலும் சேர்ந்த உயர் நிறுவனமாக 40 கோடி ரூபாயில் தரம் உயர்த்துவதாக மாநில அரசின் 2022-23 நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

இந்த இடத்தைச் சிறைச்சாலை மாதிரியிலிருந்து மருத்துவமனையாக மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை இங்கே கண்காணிப்பாளர். ஓய்வுக்குப் பிறகு, 1984-ல், மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் பெற்றார். 2021 டிசம்பரில் 98 வயதில் மறைந்தார். நோயாளிகள் வேலை கற்றுக்கொள்ளும் தொழில் சிகிச்சைப் பிரிவும், அவர்கள் ரொட்டி தயாரிக்கும் பேக்கரியும் இந்த வளாகத்தில் உண்டு. 'கீழ்ப்பாக்கம்' என்று கிண்டலடிக்கிற யாருக்கும் அந்த ரொட்டி பற்றித் தெரியாது.

"உள்ள போனா விடமாட்டாங்க"

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1912-ம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1987-ம் ஆண்டுச் சட்டமும் ஒருவரை விருப்பமின்றிச் சேர்ப்பதில் மாஜிஸ்திரேட் உத்தரவை மையமாக வைத்திருந்தன. மருத்துவமனைக்குள் நுழைவதே ஒரு வழக்கு மாதிரி இருந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது.

பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தானே வந்து "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் அனுப்பிவிட வேண்டும். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து இருக்கிறதா என்று பரிசோதிக்க மட்டும் 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். தானே முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை, அவரது நியமனப் பிரதிநிதி கேட்டுக்கொண்டால் சேர்க்கலாம். அதற்கும் ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். இதன் உச்சவரம்பு 30 நாள். சேர்த்த விவரத்தை மனநல ஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள், தெரிவிக்க வேண்டும். முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்க வாரியத்தின் அனுமதி வேண்டும்.

நியமனப் பிரதிநிதி யார் என்பதை நீங்களே, நன்றாக இருக்கும்போதே, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். அண்ணனோ மனைவியோதான் இருக்க வேண்டும் என்பதில்லை, ரூம்மேட்டாகவும் இருக்கலாம். ஊரை விட்டு வந்து தனியாக மேன்ஷனிலோ பேச்சுலர் ரூமிலோ தங்கியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

'ஷாக் கொடுப்பாங்க' என்பது அடுத்த பயம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின்அதிர்வு சிகிச்சை செய்வதைச் சட்டம் தடை செய்கிறது. சிறுவர்களுக்கு அதைச் செய்யவும் தடை. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் குற்றம். இந்தக் கடைசி வரி சட்டத்தில் ஏன் வந்தது என்பதைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் மருத்துவமனைகளும் மாவட்டத் திட்டங்களும் வேகம் பிடித்தன.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, வீட்டிலேயே மறைத்து வைத்துக்கொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கில் தமிழகத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். தாமதிக்காமல் அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனைக்கும் கொண்டு போங்கள். அவசர நிலையில் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை முதல்கட்ட மனநல சிகிச்சை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. 'இது மென்டல் கேஸ், கீழ்ப்பாக்கம் கொண்டு போங்க' என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

ஃபர்னஸ் சூடு, நைட் ஷிப்ட், மாத்திரை

தொழிற்சாலைப் பகுதியில் மனநல சிகிச்சை என்பது மருந்துச் சீட்டோடு முடிவதில்லை. யாருமே விளக்கிச் சொல்லாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன.

இருதுருவ நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம்தான் அச்சாணி. இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டாலே 'மேனியா' எனப்படும் மிகைஉற்சாக நிலை கிளம்பிவிடலாம். வாரம் ஒரு முறை மாறுகிற ஷிப்ட் அவர்களுக்கு நோயைத் தூண்டும் காரணம். "நைட் ஷிப்ட் தவிர்க்க வேண்டும்" என்று மருத்துவரிடம் சான்று கேட்டு வாங்கலாம். அதில் நோயின் பெயர் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.

அதே நோய்க்குப் பரவலாகத் தரப்படும் லித்தியம் மாத்திரை விலை குறைவு, பலன் அதிகம். ஆனால் அது ரத்தத்தில் ஒரு குறுகிய அளவுக்குள்தான் இருக்க வேண்டும். ரோலிங் மில்லில், ஃபர்னஸ் பக்கத்தில் நின்று வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், உடலில் நீர் வற்றி லித்தியத்தின் அளவு ஏறிவிடும். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேதி என்று வந்தால் அது வெயில் மயக்கம் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் உடல் சூட்டைத் தணிக்கும் திறனைக் குறைக்கும். சில மருந்துகள் முதல் சில வாரங்களில் தூக்கக் கலக்கம் தரும். பிரஸ் மெஷினில் நிற்பவருக்கும் கிரேன் ஓட்டுபவருக்கும் இது விரல் சம்பந்தப்பட்ட, சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டாக்டரிடம் "நான் என்ன வேலை பார்க்கிறேன்" என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவசர ஓபியில் அவர்களாகக் கேட்பதற்கு நேரம் இருப்பதில்லை.

சம்பளம் போகுமே? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். சாதாரண நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பலருக்குத் தெரியாதது இதற்கு அடுத்தது. நீண்டகால நோய்கள் என்று ஈஎஸ்ஐ வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்களும் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ச்சியாகக் காப்பீட்டில் இருந்து, குறைந்தது 156 நாள் பங்களிப்பு செலுத்தியவருக்கு, 80 சதவீதச் சம்பளம் தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கப்படும். அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனை கீழ்ப்பாக்கம் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிக்கல் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம்தான். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பதிவு அறுந்தால் இந்த 'தொடர்ச்சி' என்ற நிபந்தனை உடைந்துபோகும். ஈஎஸ்ஐ எண் ஒன்றுதான். புது கான்ட்ராக்டரிடம் புது எண் போடச் சொல்லாமல் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். பே ஸ்லிப்பில் பிடித்தம் வருகிறதா என்று மாதாமாதம் பார்ப்பது நல்லது. நோய் வந்த பிறகு பார்த்தால் பயனில்லை.

21,000-க்கு மேல் வாங்குகிற இன்ஜினியர்கள், சூப்பர்வைசர்களுக்கு கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கும். உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசிகளும் இதற்கு இணங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவைத்தான் தருகின்றன. கவுன்சலிங் கட்டணம் பாக்கெட்டிலிருந்துதான்.

ஒடியாவில் யார் கேட்பது?

கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளும் ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்களால் ஓடுகின்றன. இதய நோய்க்கு ஈசிஜி எடுத்தால் மொழி தேவையில்லை. மனநோய்க்குப் பரிசோதனையே பேச்சுதான். 'காதில் குரல் கேட்கிறதா', 'வாழ்க்கை வெறுத்துவிட்டதா' என்பதை சைகையில் கேட்க முடியாது. கூட வந்த சக தொழிலாளி அரைகுறைத் தமிழில் மொழிபெயர்த்தால், அவருக்கு முன்னால் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற தயக்கம் வேறு.

இங்கே ஓரளவு உதவக்கூடியது 14416 என்ற இலவச எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை இது. தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் பேசலாம். ஒடியா, வங்காளம், இந்தி உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. லைன் சூப்பர்வைசரோ ரூம்மேட்டோ போன் செய்து 'இப்படி இருக்கிறார், என்ன செய்வது' என்று கேட்கலாம்.

சொந்த மண்ணை விட்டு வந்து, நோய் முற்றி, வேலையும் இடமும் போய், ரயில்வே பிளாட்பாரத்தில் முடிகிறவர்களும் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை என்று சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆகவே அப்படி ஒருவரைப் பார்த்தால் காவல் நிலையத்துக்குச் சொல்வது அவரை மாட்டிவிடுவது ஆகாது.

குணமானபின் எங்கே போவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடு இல்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது சட்டம். நோய் தீர்ந்தும் மனநல மருத்துவமனைகளில் தேங்கிக் கிடப்பவர்களுக்கு வெளியே தங்கும் இல்லங்கள் வேண்டும் என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் கீழ்ப்பாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். முகவரியாக மருத்துவமனையையே கொண்ட அவர்களில் 150-க்கும் மேற்பட்டோர், 2019 மக்களவைத் தேர்தலில் வளாகத்துக்குள்ளேயே அமைக்கப்பட்ட வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட்டார்கள். மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் 'சித்தசுவாதீனம் இல்லாதவர்' என்று சொல்லிவிட முடியாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். அந்த ஓட்டுக்குப் பின்னால் இருந்த சட்ட நியாயம் அது.

வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறுவது நோயாளியின் உரிமை. அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த மாத மாத்திரைக்கு பொன்னேரியில் மனநல மருத்துவர் வரும் நாளில் அங்கேயே காட்டலாம்.